அம்பை நோகலாமா?

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். ஊர்ச் சண்டைக்கும் சம்பந்திச் சண்டைக்கும் மிகப் பொருத்தமான கேள்விதான். ஆனால் உண்மையிலேயே வில்லெடுத்து வேட்டைக்குப் போகிறவரிடம் இந்தப் பழமொழியைச் சொல்லிப் பாருங்கள். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நாணை விட்ட மறுகணமே எய்தவனுக்கு வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நடக்கும் நல்லது கெட்டதெல்லாம் அம்பின் பொறுப்பு.

நம் இதிகாசங்களில் வில்லுக்குப் பெயர் உண்டு: காண்டீவம், கோதண்டம், பினாகம். அஸ்திரத்துக்கு மந்திரம் உண்டு. ஆனால் அந்த அம்பின் தண்டு நாணலா, மூங்கிலா, வேறு ஏதாவது மரமா என்று நாம் கேட்டதில்லை. அமெரிக்காவில் இலையுதிர் காலம் பிறந்ததும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்களோ அதைப் பற்றித்தான் ஓயாமல் விவாதிக்கிறார்கள். அலுமினிய அம்பா, கார்பன் அம்பா?

ஏதோ வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு விவகாரம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அம்பு, துப்பாக்கிக் குண்டைப் போல் அதிர்ச்சியால் கொல்வதில்லை. கூரிய முனையால் அறுத்து, ரத்தத்தை வடியச் செய்து கொல்கிறது. நெஞ்சில் சரியாகப் பாய்ந்தால் மான் சில விநாடிகளில் விழுந்துவிடும். நாலு விரற்கடை தள்ளிப் பாய்ந்தாலோ, அம்போடு காட்டுக்குள் ஓடி, எங்கேயோ ஒரு புதரில் கிடந்து துடிக்கும். ஆகவே அம்பைத் தேர்ந்தெடுப்பது என்பது, பேச முடியாத ஒரு ஜீவன் எப்படிச் சாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதாகும்.

இந்த விவாதத்தின் வேர் ஒரு தொழிற்சாலையில் இல்லை. ஒரு தனி மனிதரிடம் இருக்கிறது. 1911-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு அருகில், கசாப்புக் கொட்டில் ஒன்றின் பக்கத்தில், பட்டினியால் இளைத்த ஒருவர் பிடிபட்டார். யாஹி என்ற பழங்குடியில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் அவர். பொன் தேடி வந்து குடியேறிய வெள்ளையர்கள் அவருடைய இனத்தைத் துப்பாக்கியால் வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள். அவர் தம் பெயரை யாருக்கும் சொல்லவில்லை. 'இஷி' என்று அழைத்தார்கள். யாஹி மொழியில் அதற்கு 'மனிதன்' என்றுதான் பொருள்.

கலிபோர்னியா சர்வகலாசாலை அவரை ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்த தன் பொருட்காட்சிசாலையில் குடிவைத்தது. அங்கே அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஸாக்ஸ்டன் போப், சில நாட்களில் சிஷ்யராகிவிட்டார். வில் வளைப்பதையும் அம்பு செய்வதையும் இஷியிடம் கற்றுக்கொண்டார். இஷி ஹேஸல் குச்சிகளை எடுத்து, தணலில் காட்டி, வளைவு நிமிர்த்துவார். முன்பாதிக்கு வேறு கனமான மரத்தில் ஒரு துண்டைப் பொருத்துவார். மான் நரம்பால் இறகைக் கட்டுவார். முனைக்கு எரிமலைக் கண்ணாடியைக் கொம்பு நுனியால் அழுத்தி அழுத்திச் செதுக்குவார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெள்ளையர்கள் குடித்துவிட்டு எறிந்த கண்ணாடிப் புட்டிகளையும் இஷி முனைகளாகச் செதுக்கினார். தம் குலத்தை அழித்தவர்களின் குப்பையாயிற்றே என்று அவர் ஒதுக்கவில்லை. பாட்டன் காலத்துக் கல்தான் உயர்ந்தது என்று பிடிவாதமும் பிடிக்கவில்லை. நன்றாக அறுக்கிறதா? அது போதும். டாக்டர் போப் பின்னால் மான் தோலைக் கொண்டு பரீட்சை செய்து பார்த்தபோது, எஃகு முனையைவிட எரிமலைக் கண்ணாடி முனையே ஆழமாகப் பாய்ந்தது. புதியது என்பதாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது. பழையது என்பதாலேயே தாழ்ந்ததும் ஆகிவிடாது.

இஷி 1916-ம் ஆண்டு மார்ச் மாதம் காசநோயால் இறந்தார். அவரிடம் கற்றதை வைத்து போப் எழுதிய வேட்டை நூல் 1923-ல் வெளிவந்தது. அவருடைய எழுத்தைப் படித்து வில்லின் மேல் பித்துக்கொண்டவர்களில் டக் ஈஸ்டன் என்ற கலிபோர்னிய இளைஞரும் ஒருவர். ஸீடர் மரத்தில் அருமையான அம்புகள் செய்து பெயர் வாங்கினார். ஆயினும் அவருக்குத் திருப்தி இல்லை. ஒரே மரத்தில், ஒரே நாளில் அறுத்த இரண்டு குச்சிகள் கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று கனம், ஒன்று லேசு. மழைக்காலத்தில் ஒன்று கோணிக்கொள்ளும். 1939-ல் அவர் மரத்தை விட்டு அலுமினியக் குழாய்க்குத் தாவினார். 1941-ல் லாரி ஹியூஸ் என்பவர் அந்த அம்புகளைக் கொண்டு அமெரிக்க தேசியப் போட்டியில் வெற்றி பெற்றார்.

ஒன்றுபோல் இருப்பதில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்கலாம். நாண் தள்ளும் வேகத்தில் அம்பு ஈட்டியைப் போல் விறைத்துக்கொண்டு போவதில்லை. மீனைப் போல் நெளிந்து, வில்லின் தண்டைச் சுற்றிக்கொண்டு போய், பிறகுதான் நிமிர்கிறது. 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற விஞ்ஞானி அதிவேகப் படக் கருவியால் இதைப் பிடித்துக் காட்டினார். தண்டு அளவுக்கு மேல் விறைப்பானால் அம்பு ஒரு பக்கம் விலகும். துவண்டால் மறுபக்கம் விலகும். வில்லின் வலுவுக்கு ஏற்ற விறைப்பு அமைய வேண்டும். அது பன்னிரண்டு அம்புகளிலும் ஒரே மாதிரி அமைய வேண்டும். அலுமினியத்தில் இது சாத்தியமாயிற்று. 2117 என்று ஒரு தண்டில் அச்சிட்டிருந்தால், குறுக்களவு அங்குலத்தில் 64-ல் 21 பங்கு, குழாயின் கனம் ஆயிரத்தில் 17 பங்கு. ஜாதகம் போல் எல்லாம் அதில் இருக்கிறது.

அப்புறம் வந்தது வேகத்தின் காலம். மிஸௌரி மாகாணத்து ஹாலிஸ் ஆலன், கப்பிகள் பூட்டிய வில்லுக்கு 1969-ல் உரிமைப் பத்திரம் பெற்றார். அந்த வில் வந்ததும் லேசான, ஆனால் விறைப்பான அம்புக்குத் தேவை பிறந்தது. இதற்குள் கார்பன் நூல் தயாராகிக்கொண்டிருந்தது. எடிசன் 1879-ல் மின்விளக்குக்குள் ஏற்றிய கரி இழையின் வம்சம்தான் அது. 1958-ல் ரோஜர் பேகன் என்பவர் ஓஹையோவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அதன் அபார வலுவைக் கண்டுபிடித்தார். 1980-களிலிருந்து அந்த நூலைப் பிசினில் தோய்த்துச் செய்த அம்புகள் கடைகளுக்கு வந்தன.

கார்பன் அம்பு மெலிந்தது. பக்கக் காற்று அதை அதிகம் தள்ளாது. நாணை விட்டதும் நெளிவு சட்டென்று அடங்கிவிடும். வேகமாகப் போவதால் தூரத்தைக் கணிப்பதில் சிறு பிசகு ஏற்பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினிய அம்பு பெரும்பாலும் கனமானது. சற்று மெதுவாகப் போனாலும் சத்தம் குறைவு, பாய்ச்சல் ஆழம். விலையும் பொதுவாகக் குறைவு. ஆகவே கணக்குப் போட்டால் தராசு முள் நடுவில்தான் நிற்கும். லேசுக்கும் ஓர் எல்லை உண்டு. அறுபது ராத்தல் இழுவையுள்ள வில்லில் ஏறக்குறைய இருபது கிராமுக்குக் கீழ்ப்பட்ட அம்பை ஏற்றினால், அம்பே இல்லாமல் நாணை விட்டதுபோல் வில்லே உடையக்கூடும்.

உண்மையான வித்தியாசம் வேறொரு இடத்தில் இருக்கிறது. அது இரண்டும் கெட்டுப்போகும் விதம்.

அலுமினிய அம்பு கல்லில் பட்டால் வளையும். வளைந்ததைக் கண்ணால் பார்க்கலாம். மேஜைமேல் உருட்டினால் குதித்துக் காட்டும். சிறு வளைவானால் நிமிர்த்தவும் செய்யலாம். தன் குற்றத்தை மறைக்கத் தெரியாத வெகுளி அது. கார்பனுக்கு வளைந்து நிற்கும் வழக்கமே கிடையாது; ஒன்று நேராக இருக்கும், அல்லது முறியும். ஆனால் நேராகத் தோன்றுகிற தண்டுக்குள் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கலாம். அதை அறியாமல் நாணேற்றினால், விட்ட கணத்தில் சிம்பு சிம்பாகப் பிளந்து எய்தவன் கையிலேயே தைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் தண்டை இரு கையாலும் வளைத்து, முறுக்கி, நெறிகிற சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும்படி, செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள்.

இவற்றில் எதை வாங்குவது? தினமும் சோதிக்கப் பொறுமை இல்லாதவருக்கு, குற்றத்தை வெளியே காட்டுகிற அலுமினியமே நல்லது. ஒவ்வோர் அம்பையும் தொட்டுப் பார்க்கிறவருக்குக் கார்பன் தரும் வேகம் லாபம். இஷிக்கு இந்தக் கேள்வி ஒரு பிரச்னையாகவே இருந்திராது. புட்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டவர் கார்பனைக் கண்டு மிரளமாட்டார். ஆனால் கடைக்காரர் நீட்டிய அம்பை அப்படியே வாங்கி நாணில் ஏற்றியிருக்கவும் மாட்டார். தணலில் காட்டி நிமிர்த்திய கைகள் அவருடையவை. ஒவ்வொரு தண்டின் மனமும் அவற்றுக்குத் தெரியும்.

பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது: ஹேஸல், ஸீடர், அலுமினியம், கார்பன். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு வேலை யந்திரத்துக்குப் போயிற்று. எய்யுமுன் அம்பைக் கையிலெடுத்துப் பார்க்கும் வேலை மட்டும் இன்னும் மனிதனிடமே இருக்கிறது. அதைச் செய்யாதவன் பிறகு அம்பை நோவதிலும் அர்த்தமில்லை. அதற்குள் மான் வெகுதூரம் ஓடியிருக்கும்.