ஆறு இலக்கணம்: திறந்த தரநிலைக் கொள்கைக்கு ஒரு விளக்கவுரை

2010 நவம்பரில் இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை வெளியிட்டது. கோப்பு எந்த வடிவில் சேமிக்கப்பட வேண்டும், எழுத்து எந்த எண்ணாகப் பதிய வேண்டும், ஒரு கணினி இன்னொன்றோடு எப்படிப் பேச வேண்டும் என்னும் விதிகளைத்தான் தரநிலை என்கிறோம். அது 'திறந்தது' என்று பெயர் பெற ஆறு இலக்கணங்கள் கட்டாயம் என்கிறது கொள்கை. அந்த ஆறையும் புதுச்சேரியில் இருந்து வாசிப்போம். மூலத்தின் கருத்தை என் சொற்களில் தருகிறேன். அதைத் தொடர்ந்து விளக்கம்.

1. தரநிலையின் விவர ஆவணம் இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்துக்கோ கிடைக்க வேண்டும்.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை மையமாகக் கொண்ட புதுச்சேரி சைவச் சுவடித் தொகுப்புகளில் ஏறத்தாழ 11,000 சுவடிகள் இருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இவை இடம்பெற்றன. பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் அமைந்தவை. எழுதியவர் யாரென்றே தெரியாத ஏட்டையும் கிரந்தம் கற்றவர் இன்று படித்துவிடுகிறார். காரணம், அந்த எழுத்தின் விதி எவருடைய ரகசியமும் அல்ல. விதி வெளியே இருந்தால் ஆவணம் எழுதியவரைத் தாண்டி வாழும்.

2. தரநிலையைச் செயற்படுத்தத் தேவையான காப்புரிமைகளுக்கு, அதன் ஆயுள் முழுதும் ராயல்டி கேட்கக் கூடாது.

'ஆயுள் முழுதும்' என்ற சொற்கள் காரணத்தோடுதான் வைக்கப்பட்டவை. 1987இல் வந்த ஜிஃப் பட வடிவத்தை உலகமே தாராளமாகப் பயன்படுத்தியது. 1994இன் இறுதியில், அதற்குள் இருந்த சுருக்கமுறையின் காப்புரிமையைக் காட்டி உரிமக் கட்டணம் கேட்கப்பட்டது. ஊரே பழகிய பிறகு வாசலில் சுங்கம் வைத்த கதை அது. அரசுக் கோப்புக்கு அந்த நிலை வரக் கூடாது.

3. லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று தரநிலையைப் பேண வேண்டும். அதில் எல்லாத் தரப்பினரும் வெளிப்படையாகப் பங்கேற்க வழி வேண்டும்.

தமிழர்களுக்கு இதை விளக்க 2010ஆம் ஆண்டே போதும். எழுத்துகளுக்கு எண் தரும் தரநிலையான யூனிகோடில் கிரந்தத்துக்கு இடம் கேட்ட முன்மொழிவு ஒன்றில், தமிழுக்கே உரிய ழ, ற, ன போன்ற எழுத்துகளும் சேர்ந்திருந்தன. தமிழறிஞர்கள் எதிர்த்தார்கள், தமிழ்நாடு அரசும் குரல் கொடுத்தது. 2014இல் கிரந்தம் யூனிகோடில் சேர்ந்தபோது அந்த எழுத்துகள் அதில் இல்லை. முன்மொழிவு பொதுவில் இருந்ததால்தான் எதிர்க்க முடிந்தது. ஒரு நிறுவனத்தின் மூடிய அறையில் எடுக்கும் முடிவாக இருந்திருந்தால், நடந்து முடிந்த பிறகே நமக்குச் செய்தி வந்திருக்கும்.

4. இயன்றவரை, உள்ளுக்குள்ளும் திறந்ததாக இருக்க வேண்டும்.

ஒரு தரநிலை வேறொரு தரநிலையைச் சார்ந்து நிற்கலாம். அப்போது அந்த இரண்டாவதும் திறந்திருக்க வேண்டும் என்பது பொருள். தெருக்கதவைத் திறந்துவைத்து உள்ளறையைப் பூட்டினால் பயனில்லை.

5. எந்த ஒரு தொழில்நுட்பத்தின் பக்கமும் சாயக் கூடாது.

தென் கொரியாவில் இணைய வங்கிச் சேவையும் அரசுச் சேவைகளும் பல்லாண்டுகள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற ஒரே உலாவியை நம்பியிருந்தன. 2022 ஜூனில் அந்த உலாவிக்கே ஓய்வு தரப்பட்டது. சேவையை ஒரே கருவியோடு கட்டிவைத்தால், கருவி போகும்போது சேவையும் தடுமாறும்.

6. பொருந்தும் இடங்களில், இந்தியாவின் ஆட்சிமொழிகள் அனைத்திலும் இயங்க வேண்டும்.

ஆறிலும் புதுச்சேரிக்கு மிக நெருங்கியது இதுவே. 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி இங்கே தமிழ். மாகேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. கூடவே ஆங்கிலமும் உண்டு. 1962இல் நடைமுறைக்கு வந்த இந்திய–பிரெஞ்சு ஒப்பந்தம் பிரெஞ்சு மொழிக்கும் இடம் தந்தது. ஒரே ஆட்சியின் ஆவணங்கள் இத்தனை எழுத்துகளிலும் பிழையின்றித் திறந்தாக வேண்டும்.

திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். கோப்புக்குள் தமிழ் இருந்ததே இல்லை. எழுத்துரு போட்ட வேடம்தான் தமிழாகத் தெரிந்தது. அந்தக் கோப்பில் 'தமிழ்' என்று தேடினால் அகப்படாது. பார்வையற்றவருக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் அதை ஆங்கில எழுத்துகளாகவே உச்சரிக்கும். 1991 முதலே யூனிகோடில் தமிழ் இருந்தும், தமிழ்நாடு அரசு அதை டேஸ்16 குறியேற்றத்தோடு சேர்த்துத் தரநிலையாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்புகளை இன்றும் ஒவ்வொன்றாக மாற்றவேண்டியிருக்கிறது.

புறனடை

ஆறு இலக்கணமும் பொருந்தும் தரநிலை கிடைக்காதபோது, சிலவற்றைத் தளர்த்தி இடைக்காலத் தரநிலையைக் கொள்ளலாம் என்று கொள்கை இடம் தருகிறது. 'இடைக்காலம்' என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். விலக்கே விதியாகிவிடக் கூடாது.

2015இல் வந்த திறமூல மென்பொருள் கொள்கை இதன் இணைநூல். மத்திய அரசு அலுவலகங்கள் மென்பொருள் வாங்கும்போது திறமூலத்துக்கு முன்னுரிமை தர வேண்டும், விலக்கினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது அது. தரநிலை மொழி என்றால் மென்பொருள் அதைப் பேசும் வாய். இரண்டும் பொதுவில் இருந்தால்தான், மக்கள் பணத்தில் உருவான ஆவணம் மக்களிடம் தங்கும்.

புதுச்சேரியில் ஏதேனும் ஒரு துறை மென்பொருளுக்கு டெண்டர் கோரினால், வாசகரே, இந்த ஆறு இலக்கணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். எது பொருந்தவில்லையோ, அதை எழுத்தில் கேளுங்கள்.