செயலுக்கு விசாரணையா, பெயருக்கு விசாரணையா?

கள்வன் என ஒருமுறை பெயரெடுத்தவன், ஊரில் எது களவு போனாலும் மறுமொழி கூறியாக வேண்டும். இது ஊர் வழக்கு. நீதிமன்றமும் இவ்வழியே செல்லலாமா? இவ்வினாவை ஆராயும் நாம் 1893 ஆம் ஆண்டின் சிட்னி நகர வழக்கொன்றை நினைவுகூர்தல் வேண்டும்.

மணமாகாமலே தாயான ஏழைப் பெண்களுக்கு அந்நகரில் குழந்தையுடன் பிழைக்க வழியில்லை. அவர்களிடம் சிறுதொகை பெற்றுக் குழந்தைகளை வளர்க்க ஏற்பது அங்கு ஒரு தொழிலாயிற்று. அத்தொழிலைச் செய்தோரே ஜோன் மேக்கினும் மனைவி சாராவும். 1892 இல், அவர்கள் விட்டுச்சென்ற வீடொன்றின் கொல்லையில் வடிகால் வேலை நடந்தபோது குழந்தைகளின் உடல்கள் வெளிப்பட்டன. அவர்கள் முன்பு குடியிருந்த வேறு வீடுகளிலும் அவ்வாறே கண்டெடுக்கப்பட்டன. வழக்கோ ஒரேயொரு குழந்தையின் கொலை பற்றியது. ஏனைய உடல்களைப் பற்றி ஜூரிமார் கேட்கலாமா?

கேட்கலாம் என்றது இலண்டன் பிரிவிக் கவுன்சில். ஆயினும் ஹேர்ஷல் பிரபு ஒரு வரம்பு வகுத்தார்: எதிரி இத்தகைய குற்றம் புரியும் இயல்பினன் எனக் காட்டுவதற்காக அவனுடைய பிற குற்றங்களைச் சான்றாக்கல் ஆகாது, நிகழ்ந்தது தற்செயலா, திட்டமிட்டதா என்பன போன்ற வினாக்களைத் தீர்க்கவே அவை ஏற்கப்படலாம். இவ்வரம்பை விளக்கிய தீர்ப்புரை டிசம்பரில் வெளிவந்தது. மேக்கினோ ஓகஸ்டிலேயே தூக்கிலிடப்பட்டிருந்தான். சாராவின் மரணதண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது.

இந்த வரம்பு நமக்கு அந்நியமன்று. இந்தியாவின் 1872 ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் பழைய குற்றத்தீர்ப்புகளுக்கு முதலில் இடமளித்தது. 1891 இல் அது திருத்தப்பட்டது. அச்சட்டத்தைத் தழுவிய இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமும், எதிரி தன் நன்னடத்தையை முன்வைத்தாலன்றி அவனது தீய நடத்தை பொருந்தாது என 54 ஆம் பிரிவில் விதித்தது. தற்செயலா, வேண்டுமென்றா என்ற வினா எழும்போது மட்டும், ஒத்த நிகழ்வுகளின் தொடருக்கு 15 ஆம் பிரிவு வாயில் திறந்தது.

இவ்வரம்பு யாரைக் காக்கிறது? செல்வனின் தவறுகள் பெரும்பாலும் ஏடேறுவதில்லை. வறியவனின் சிறு பிழையும் பொலிஸ் ஏட்டில் நிலைத்துவிடுகிறது. இந்தியாவில் 1871 ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டமோ பிறப்பையே குற்றத்தின் அடையாளமாக்கிற்று. பெயரைக் கொண்டு மனிதரைத் தண்டிக்கும் ஆட்சி எங்கே போய் முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கிலாந்தே 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவ்வரம்பைப் பெரிதும் தளர்த்திவிட்டது. ஆகவே, ஒருமுறை பெற்ற காப்பு என்றும் நிற்கும் என நாம் வாளாவிருத்தல் தகாது. கொடிய குற்றம் நம் சினத்தைக் கிளறும் வேளையிலேயே, இன்று விசாரிக்கப்படுவது எந்தச் செயல் என்ற வினாவை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.