கத்தரி வரை வந்த கட்டம்

"ரெண்டு மாத்திரை மட்டும் வெட்டிக் குடுங்க."

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் ஏதாவதொரு மருந்துக் கடையில் கால் மணி நேரம் நின்றால் இது காதில் விழும். கடைக்காரர் கத்தரியை எடுப்பார். அட்டையில் அச்சான கியூஆர் கட்டம் ஒன்று இரண்டாகும், இல்லையேல் மீதி அட்டையோடு டப்பாவுக்குள் திரும்பிப் போகும். வெகுதூரம் வந்த அதன் பயணம் அங்கே முடிந்துவிடுகிறது.

அது பிறந்தது 1994இல், ஜப்பானில். டென்சோ நிறுவனத்தின் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க அதை உருவாக்கினார்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிகிற இடம் என்பதால், 30 சதவீதம் வரை அழிந்தாலும் படிக்க முடிகிற மாதிரி செய்தார்கள். தாம்பரத்துக் கத்தரியை அவர்கள் கணக்கில் எடுத்திருக்க நியாயமில்லை.

மாத்திரை அட்டைக்கு அது ஏன் தேவை என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். 2010இல் பிடிபட்டது ஒரு கூட்டம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போன காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, தேதியை அழித்து, புதுத் தேதி போட்டுக் கடைகளுக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். மருந்து அசல்தான்; பொய் சொன்னது அட்டை. ஆனால் அட்டையில் இருந்த பெயர் கம்பெனியுடையது.

அந்தப் பெயருக்கு என்ன விலை? 1982இல் சிகாகோ பகுதியில் டைலினால் மருந்தில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. செலவு 10 கோடி டாலருக்கு மேல்.

இங்கே 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 மருந்து பிராண்டுகளுக்குக் கட்டம் கட்டாயம். டோலோ, கால்பால், அலெக்ரா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மருந்தின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், இரண்டு தேதிகள், உரிம எண் என எட்டு விவரங்கள் அதற்குள் இருக்க வேண்டும். அட்டையில் இடம் போதாவிட்டால் வெளி டப்பாவில் அச்சிடலாம்.

கம்பெனிக்கு இதில் லாபம் உண்டு. கிடங்கிலும் ஸ்டாக்கிஸ்டிடமும் எந்தப் பேட்ச் எவ்வளவு கிடக்கிறது என்று நொடியில் படிக்கலாம். ஒரு பேட்ச் கெட்டால் அதை மட்டும் திரும்பக் கூப்பிடலாம். எக்ஸ்பைரி என்று திரும்பி வரும் சரக்கைச் சரிபார்க்கலாம்.

ஓட்டையும் உண்டு. அந்த எட்டு விவரங்களில் ஒவ்வோர் அட்டைக்கும் தனி எண் என்பது இல்லை. கட்டத்தை அப்படியே நகலெடுத்துப் போலி அட்டையில் அச்சிட்டால் அதுவும் 'அசல்' என்றே சொல்லும். ஐரோப்பாவில் 2019 பிப்ரவரி முதல் மருந்துச் சீட்டுக்குக் கொடுக்கும் பெட்டிகளுக்குத் தனித்தனி எண். விற்கும்போது மருந்தாளர் ஸ்கேன் செய்தால் அந்த எண் செத்துவிடும். அதே எண்ணில் இன்னொரு பெட்டி வந்தால் மாட்டிக்கொள்ளும். ஏற்றுமதி மருந்துக்கு நம் ஆலைகள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. சண்முகம் சாலைக்கு வரும் அட்டைக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை.

இப்போதைக்குக் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கலாம்: அண்ணா, வெட்டுவதற்கு முன்னால் அட்டையை ஒரு தரம் இப்படிக் காட்டுங்கள், ஸ்கேன் செய்துகொள்கிறேன்.