மருந்துக் கொசுவலை

மருந்துக் கொசுவலை என்பது பூச்சிக்கொல்லி ஏற்றிய நூலால் ஆன, படுக்கையைச் சுற்றிக் கட்டும் வலை. சாதாரண வலை வெறும் தடுப்பு. கை வலையில் ஒட்டிக் கிடந்தாலோ ஓட்டை விழுந்தாலோ கொசு கடித்துவிடும். மருந்து வலையில் உட்காரும் கொசு செத்துவிழும், அல்லது விலகிப் போகும். ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசுக்கள் பெரும்பாலும் ஆள் தூங்கும் நேரத்தில் கடிப்பதால்தான் இந்த உத்தி பலித்தது. பகலில் கடிக்கும் டெங்குக் கொசுவிடம் இது அவ்வளவாக எடுபடாது.

1980களில் காம்பியாவில் இந்த வலைகளைச் சோதித்தார்கள். அடுத்த பத்தாண்டில் கென்யா, கானா, புர்கினா ஃபாசோ நாடுகளிலும் பெரிய சோதனைகள் நடந்தன. இவற்றின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மலேரியா மட்டுமின்றி எல்லாக் காரணங்களாலும் நேரும் குழந்தை இறப்பே சுமார் 17 சதவீதம் குறைந்திருந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை வலையை மருந்தில் முக்கி எடுக்க வேண்டும். பல வீடுகளில் அது நடக்கவில்லை. இழையிலேயே பெர்மெத்ரின் கலந்த வலைகள் வந்ததும் அந்த வேலை ஒழிந்தது. 20 முறை துவைத்தாலும் மருந்து நிற்க வேண்டும், மூன்றாண்டு உழைக்க வேண்டும் என்பது இவற்றுக்கான அளவுகோல். டான்சானியாவின் அருஷா நகரிலேயே இவற்றைத் தயாரிக்கும் ஆலை எழுந்தது.

யார் காசு கொடுப்பது? சும்மா கொடுத்தால் அருமை தெரியாது, கொஞ்சமாவது விலை வைத்தால்தான் பயன்படுத்துவார்கள் என்று வாதிட்டவர்கள் பலர். இலவசத் திட்டங்கள் பற்றிய சண்டை ஓயாத தமிழ்நாட்டு வாசகருக்கு இது பழகிய குரல்தான். ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டியூபா என்ற பொருளியலாளர்கள் மேற்குக் கென்யாவில், கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். சில இடங்களில் வலை இலவசம். மற்றவற்றில் சிறு விலை. அரை டாலரைச் சற்றே தாண்டிய விலைக்கே வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்களோ, காசு கொடுத்தவர்களுக்குக் குறையாமல் வலையைக் கட்டித் தூங்கினார்கள். 2007இல் உலக சுகாதார நிறுவனமும் இலவச விநியோகத்தை ஆதரித்தது.

கென்யாவின் அசெம்போ பகுதியில் தெரிந்த இன்னொரு உண்மை இந்த வாதத்துக்கு வலுச்சேர்த்தது. வலை இருக்கும் வீடுகளிலிருந்து சுமார் 300 மீட்டருக்குள் இருந்த வலையில்லாத வீடுகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. கொசுக்கூட்டமே குறைகிறது அல்லவா! ஒருவர் வாங்கும் வலை ஊருக்கே உதவுமென்றால், அதன் விலையை அந்த ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

கொடுத்த வலையெல்லாம் படுக்கைக்குப் போவதில்லை. டாங்கனிகா ஏரிக்கரையில் அதை மீன்பிடிக்கவும் பயன்படுத்துகிறார்கள். நெருக்கமான கண்ணி மீன்குஞ்சுகளையும் வாரிவிடுகிறது. அடுத்த வேளைச் சோறு முன்னால் நிற்கும்போது என்றோ வரப்போகும் காய்ச்சல் பின்னுக்குப் போவதில் வியப்பில்லை.

இந்தியாவில் பெரிய உதாரணம் ஒடிசா. அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட வலைகள் வழங்கப்பட்டன; எளிதில் எட்டமுடியாத ஊர்களில் முகாமிட்டு ரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் நடந்தன. 2017இல் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை, அடுத்த ஆண்டே 70,000க்குக் கீழே வந்தது.

இதற்கிடையே கொசுவும் சும்மா இருக்கவில்லை. பெர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை மருந்துகளைத் தாங்கும் கொசுக்கள் ஆப்பிரிக்காவெங்கும் பெருகிவிட்டன. குளோர்ஃபெனபிர் என்ற இரண்டாவது மருந்தும் சேர்ந்த வலைகளை டான்சானியாவின் மிசுங்வி பகுதியில் சோதித்தபோது, இரண்டாண்டுகளில் குழந்தைகளிடையே மலேரியா, பழைய வலை பெற்ற ஊர்களைவிட 44 சதவீதம் குறைவாக இருந்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றைப் பரிந்துரைத்தது. பழைய வலையைவிட இவற்றின் விலை கூடுதல்.