ஆர்.சி. புத்தகத்துக்குள் ஒரு வம்சாவளி

1893 ஆகஸ்டில் பாரிஸ் காவல்துறைத் தலைவர் லூயி லெபின் ஓர் உத்தரவு போட்டார். மோட்டார் வண்டி வைத்திருப்பவர் தன் பெயர், முகவரி, அனுமதி எண் மூன்றையும் உலோகத் தகட்டில் எழுதி வண்டியிலேயே மாட்ட வேண்டும். பின்னாளில் பெயரும் முகவரியும் அலுவலகப் பேரேட்டுக்குள் போய்விட்டன. எண் மட்டும் வெளியே தங்கியது. இன்று தாத்தாவைத் தேடுகிறவர்கள் புரட்ட வேண்டியது அந்தப் பேரேட்டைத்தான்.

பாரிஸைப் பார்த்து மற்ற நாடுகளும் கிளம்பின. பிரிட்டன் 1903இல் சட்டம் போட்டு, மறு ஆண்டு முதல் எண் கொடுத்தது. லண்டனின் ‘ஏ 1’ தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணனுக்குப் போனது. ஒவ்வொரு கவுன்டியும் தனித்தனிப் பேரேடு வைத்திருந்தது. 1970களில் ஸ்வான்ஸீ நகரின் மைய அலுவலகத்தில் கணினி வந்ததும் பல பேரேடுகள் குப்பைக்குப் போயின. தப்பியவை ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. கொள்ளுப்பேரன்கள் அங்கே போய்த் தேடுகிறார்கள்.

சென்னையில் ‘எம்.சி. 1’ துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கார் என்றும், ‘எம்.சி. 3’ கட்டட ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியுடையது என்றும் வரலாற்றாசிரியர் எஸ். முத்தையா எழுதியிருக்கிறார். 1912இல் துறைமுகத்தில் கணிதமேதை ராமானுஜனுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது இந்த ஸ்பிரிங்கின் கீழ். 1920இல் ராமானுஜன் இறந்தது சேத்துப்பட்டில் இந்தச் செட்டியாரின் வீட்டில். நடுவே லண்டனில் அவரைப் பார்க்கக் கணிதப் பேராசிரியர் ஹார்டி ஏறிவந்த டாக்சியின் எண் 1729. மோட்டார் எண்கள் அந்த மனிதரை விடவே இல்லை!

சென்னையில் முதலில் கார் ஓட்டியவராகச் சொல்லப்படுபவர் பாரி கம்பெனி இயக்குநர் ஒருவர். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய தாமஸ் பாரி 1824இல் பரங்கிப்பேட்டையில் காலராவில் இறந்தார்; கல்லறை கடலூரில். நெல்லிக்குப்பத்தில் அவர் கம்பெனியின் சர்க்கரை ஆலை எழும்பியது. கரும்பு ஏற்றக் கடலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு டிராக்டர் வந்தது. டிராக்டருக்கும் ஒரு எண் வந்தது.

அந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ‘எம்’ என்று தொடங்கினால் ஏறக்குறைய மெட்ராஸ் காலம். ‘டி’ என்றால் 1969இல் மாநிலத்தின் பெயர் மாறிய பிறகு. ‘டி.என். 31’ என்றால் 1989 ஜூலைக்குப் பின், கடலூர். சிதம்பரத்துக்கு இப்போது தனியாக 91.

மீதிப் பாதி ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றுப் புத்தகத்தில் இருக்கிறது. கடலூர் அருகே குடிகாட்டில் யார் வீட்டிலாவது பழைய புத்தகம் ஒன்று கிடைத்தால் நிதானமாகப் புரட்டுங்கள். உரிமையாளர் பெயருக்குக் கீழே தகப்பன் பெயர், அப்போது குடியிருந்த தெரு, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர். அடுத்த பக்கத்தில் எச்.பி. முத்திரை: எந்த நிலவள வங்கியில், எந்த ஃபைனான்ஸில் கடன் வாங்கினார், எப்போது அடைத்தார் என்ற விவரம். வீட்டில் யாரும் பேசாத கடன் அங்கே தேதியோடு நிற்கும். அதற்கடுத்து நேம் டிரான்ஸ்ஃபர்.

எனக்குப் பிடித்தது படிவம் 31. உரிமையாளர் இறந்துபோனால் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றக் கொடுக்கும் விண்ணப்பம் அது. அதோடு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைக்க வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். ஆக, ஒரு லொடலொட பழைய மோட்டார் சைக்கிளுக்காக மனைவி, மகன்கள், கட்டிக்கொடுத்துவிட்ட மகள்கள் எல்லோரும் ஒரே ஃபைலுக்குள் வந்துவிடுகிறார்கள். வரி வாங்கவும் ஆளைப் பிடிக்கவும் வைத்த பதிவேடு கேட்காமலே வம்சாவளி எழுதியிருக்கிறது.

புத்தகம் தொலைந்துபோயிருந்தால் கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள்; கார் முன்னால் நின்று எடுத்த படத்தில் நம்பர் பிளேட் தெரியும். எண் கிடைத்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ‘பி எக்ஸ்ட்ராக்ட்’ என்கிற பதிவேட்டு நகல் கேட்கலாம். பழைய எண்கள் பல கணினியில் ஏறியிருக்காது. அப்போது எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்று சுமாராகவாவது தெரிந்திருக்க வேண்டும். 1993இல் தென்னார்க்காடு பிரியும்வரை மாவட்டத் தலைநகர் கடலூர். ஆகையால் விழுப்புரத்துக்காரர்களும் தாத்தாவின் லாரியைத் தேடிக் கடலூருக்கு பஸ் ஏற வேண்டியிருக்கலாம்.