தவளையின் இரண்டு இதயங்கள்

மீன் வெட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. உடம்பை விட்டுத் தனியாக வந்த பிறகும் இதயம் கொஞ்ச நேரம் துடிக்கும். இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் கேலன் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மூளையோடு தொடர்பு அறுந்தும் அது துடிக்கிறது என்றால், இதயத்துக்கு நரம்பு எதற்கு? சரி, நரம்பே வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். பரீட்சை ரிசல்ட் வருகிற அன்றைக்கு நெஞ்சு படபடக்கிறதே, அது யார் வேலை?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதிலில் இடம் கண்டுபிடிக்க ரொம்ப காலம் ஆனது. 1845-இல் எர்ன்ஸ்ட் வேபர், எட்வர்ட் வேபர் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள் நேப்பிள்ஸில் கூடியிருந்த விஞ்ஞானிகளிடம் ஒரு விசித்திரமான முடிவைச் சொன்னார்கள். மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் இதயம் வேகமெடுப்பதில்லை. நின்றுவிடுகிறது. தூண்டலை நிறுத்தினால் மறுபடி துடிக்கிறது.

இன்றைக்குப் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிகிற விஷயம் இது. அன்றைக்கு அதிர்ச்சி. நரம்பைத் தூண்டினால் தசை சுருங்கும், அதுதான் அதுவரை எல்லோருக்கும் தெரிந்த ஒரே விதி. ஒரு நரம்பு "சும்மா இரு" என்றும் சொல்லலாம் என்பது அன்றுதான் தெரிந்தது.

துடிப்பு எங்கே பிறக்கிறது என்ற சண்டை தனியாக நடந்துகொண்டிருந்தது. தவளை இதயத்துக்குள்ளேயே நரம்புச் செல் முடிச்சுகள் இருப்பதை ரேமாக் 1844-இல் கண்டுபிடித்திருந்தார். ஆகவே வெட்டி எடுத்த இதயத்தையும் நரம்புதான் ஓட்டுகிறது என்று ஒரு கட்சி. தசைக்கே அந்தக் குணம் உண்டு என்று இன்னொரு கட்சி. கேம்பிரிட்ஜில் வால்டர் கேஸ்கல் 1880-களில் ஆமை இதயத்தை எடுத்துக்கொண்டார். நிதானமாகத் துடிக்கும், சாவகாசமாகப் பார்க்கலாம். மேலறைத் தசையில் கீறல் போட்டு, துடிப்பு போகிற பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கினார். ஒரு கட்டத்தில் இரண்டு துடிப்புக்கு ஒன்றுதான் கீழறைக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னும் குறுக்கினால் எதுவுமே போகவில்லை. துடிப்பு தசை வழியாகவே நகர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. இ.சி.ஜி. தாளில் மருத்துவர்கள் இன்றும் எழுதுகிற 'பிளாக்' என்ற சொல் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

பிறகு வேகமாக நடந்தது. ஜெர்மனியில் இருந்த ஜப்பானியர் சுனாவோ தவாரா 1906-இல் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகிற கம்பிப்பாதையை முழுசாக வரைந்து காட்டினார். அதே வருடக் கோடையில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஆர்தர் கீத் தன் மனைவியோடு சைக்கிளில் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பியபோது, மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் பரபரப்பாக நின்றிருந்தார். நுண்ணோக்கியில் ஒரு அகழெலியின் இதயம். அதன் வலது மேலறை ஓரத்தில் யாரும் பார்த்திராத ஒரு சின்னத் திசுத் திட்டு. துடிப்பு பிறக்கிற இடம் அதுதான். 1907-இல் வெளியிட்டார்கள். நம் எல்லோருடைய நாடியும் அந்தத் திட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

ஆகத் துடிப்பு இதயத்தின் சொந்தச் சரக்கு. நரம்பு கடிவாளம் பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதை மாற்று இதயம் பொருத்தியவர்களிடம் பார்க்கலாம். நரம்புகள் அறுபட்ட அந்த இதயம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 90 முதல் 110 தடவை துடிக்கும். உங்கள் இதயம் 70-இல் இருக்கிறது என்றால், வேகஸ் விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கடிவாளம் தவறினால் என்ன ஆகும்? இதை முதலில் கவலையோடு யோசித்தவர் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இருந்த ஜான் மெக்வில்லியம். திடீரென்று சாகிறவர்களின் இதயம் அப்படியே நின்றுபோகிறது என்றுதான் அன்றைய மருத்துவம் நம்பியது. இல்லை என்று 1889-இல் எழுதினார் மெக்வில்லியம். கீழறைத் தசை நார்கள் ஆளுக்கொரு தாளத்தில் நடுங்குகின்றன, புழுக்கள் நெளிகிற பை மாதிரி. உள்ளே ஏகப்பட்ட அசைவு, வெளியே ஒரு சொட்டு ரத்தம் போகாது. ஃபிப்ரிலேஷன். விலங்குகளில் தான் பார்த்ததுதான் மனிதர்களின் திடீர்ச் சாவிலும் நடக்கிறது என்றார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளீவ்லாந்தில் கிளாட் பெக், 14 வயதுச் சிறுவன் ஒருவனின் நடுங்கும் இதயத்தை மின் அதிர்ச்சி கொடுத்து மீட்டது 1947-இல். நடுவில் 58 வருடம்.

மெக்வில்லியம் 1923-இல் எழுதிய இன்னொரு கட்டுரையின் விஷயம் தூக்கமும் கனவும். கெட்ட கனவு காண்கிறவரின் ரத்த அழுத்தமும் இதய வேகமும் படுத்த படுக்கையிலேயே எப்படி எகிறுகின்றன, பலவீனமான இதயத்தை அது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஆராய்ந்தார். "ராத்திரி நல்லாத்தான் படுத்தார், காலையில் எழுந்திருக்கவில்லை" என்று நாம் சாவு வீட்டில் கேட்கிற வாக்கியத்தை அவர் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார் என்று சொல்லலாம்.

இன்னொரு கனவுக்கு வருகிறேன். நரம்பு இதயத்திடம் 'சொல்கிறது' என்று எளிதாக எழுதிவிட்டோம். எப்படிச் சொல்கிறது? மின்சாரமாகவா? ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ஓட்டோ லோவிக்கு, நரம்பு நுனியிலிருந்து ஏதோ வேதிப்பொருள் கசியலாம் என்று 1903-இலேயே தோன்றியிருந்தது. நிரூபிக்க வழி தெரியாமல் மறந்தும் போனார். 17 வருடம் கழித்து ஒரு ஈஸ்டர் ராத்திரி கனவில் ஒரு சோதனை வந்தது. விழித்து, கிடைத்த சின்னக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. அந்த நாள் முழுக்க எப்படித் தவித்திருப்பார்! அடுத்த ராத்திரி மூன்று மணிக்கு அதே கனவு. இந்தத் தடவை காகிதத்தை நம்பாமல் நேராக ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார்.

இந்தக் கதையை அவர் பல வருடம் கழித்துத்தான் எழுதினார். அவர் சொல்கிற 1920-க்கும் கட்டுரை வெளிவந்த 1921-க்கும் நடுவே கணக்கு சரியாக உதைக்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும். சோதனை அழகானது. இரண்டு தவளை இதயங்கள். ஒன்றில் வேகஸ் நரம்பு ஒட்டியிருக்கிறது, மற்றதில் இல்லை. இரண்டும் ரிங்கர் திரவத்தால் நிரப்பப்பட்டுத் துடிக்கின்றன. (ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற ஆர்.எல். பாட்டிலில் இருக்கிற 'ஆர்' இந்த ரிங்கர்தான். தவளை இதயத்தைத் துடிக்கவைக்க லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் கண்டுபிடித்த உப்புக் கரைசலின் வாரிசு அது.) முதல் இதயத்தின் வேகஸைத் தூண்டினார். அது மெதுவானது. அதற்குள் இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பின் செய்தி தண்ணீரில் கரைந்து வந்திருந்தது.

லோவி பின்னால் நேர்மையாக ஒன்றைச் சொன்னார். பகலில் யோசித்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்திருக்கவே மாட்டேன். ஏன்னா, நரம்பு தனக்குத் தேவையான அளவு மட்டும்தான் சுரக்கும், திரவத்தில் வழிகிற அளவுக்கு மிச்சம் இருக்காது என்று அறிவு தடுத்திருக்கும். எனக்கு இந்தக் கனவுக் கதையில் பிடித்த இடம் இதுதான். அவர் தூங்கும்போது அந்த அறிவும் சேர்ந்து தூங்கியிருக்கிறது.

மற்றவர்கள் செய்து பார்த்தபோது பலருக்குச் சரியாக வரவில்லை. தவளையின் வேகஸில் வேகம் கூட்டும் இழைகளும் கலந்திருக்கின்றன, பருவத்துக்குப் பருவம் எது ஓங்கும் என்பது மாறும். 1926-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் எல்லோர் முன்னாலும் ஒரே தவளை இதயத்தில் 18 தடவை செய்து காட்டினார் லோவி. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்று படிப்படியாக உறுதியானது. அதன் குணங்களை முன்பே ஆராய்ந்திருந்த நண்பர் ஹென்றி டேலும் லோவியும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒன்றரை வருடம்தான். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய ராத்திரியே துப்பாக்கிகளோடு வந்தவர்கள் யூதரான லோவியைப் படுக்கையிலிருந்து எழுப்பிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். இளைய மகன்கள் இரண்டு பேரையும்தான். கொன்றுவிடுவார்கள் என்றே நினைத்தார். சிறைக் காவலரிடம் கெஞ்சி ஒரு தபால் அட்டை வாங்கி, கடைசியாகச் செய்த ஆய்வின் முடிவை அதில் எழுதி ஒரு அறிவியல் இதழுக்கு அனுப்பினார். அது தொலைந்துபோகாது என்ற பிறகுதான் மனசு ஆறியது. சில வாரங்களில் விட்டார்கள். நாட்டை விட்டுப் போகவேண்டுமானால், ஸ்டாக்ஹோம் வங்கியில் இருந்த நோபல் பணத்தை நாஜிகள் சொன்ன வங்கிக்கு மாற்றித் தரவேண்டும். தந்தார். மனைவியை உடனே விடவில்லை. 1940-இல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கும்போது அவரிடமிருந்த மருத்துவச் சான்றிதழில், மூப்பால் தளர்ந்தவர், சம்பாதிக்க இயலாதவர் என்று இருந்தது. அதிகாரி கண்டுகொள்ளாமல் உள்ளே விட்டார். அதற்கப்புறம் 21 வருடம் வாழ்ந்தார்.

வேகஸ் பிரேக் என்றால், வேகம் கூட்டுவது சிம்பதடிக் நரம்புகள். ருமேனிய அறுவை மருத்துவர் தோமா யோனெஸ்கு 1916-இல், நெஞ்சுவலியாலும் தாளக் கோளாறாலும் முடங்கிப்போன ஒருவருக்கு இந்த நரம்பு முடிச்சுகளை வெட்டி எடுத்தார். வலியும் போனது, தாளமும் சரியானது. வெகுகாலம் அதைப் பெரிதாக யாரும் தொடரவில்லை. இன்றைக்கு அது திரும்பி வந்திருக்கிறது. நெஞ்சுக்குள் டிஃபிப்ரிலேட்டர் கருவி வைத்த சிலருக்கு 24 மணி நேரத்தில் மூன்று தடவை, சிலசமயம் பத்துப் பதினைந்து தடவைகூட, தாளம் கெட்டுக் கருவி அதிர்ச்சி கொடுக்கும். மின்புயல் என்கிறார்கள். ஒவ்வொரு அதிர்ச்சியும் நெஞ்சில் உதை வாங்குவது போல. அந்த வலியிலும் பயத்திலும் சிம்பதடிக் நரம்புகள் இன்னும் வெறியாகி அடுத்த கோளாறைக் கிளப்பும். மருந்து கேட்காதபோது, நரம்பு முடிச்சுகளுக்குள் மரப்பு ஊசி போடுவதும், பிறகு நெஞ்சின் வழியே போய் அவற்றையே வெட்டுவதும் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த வேலையை முன்னெடுத்த இடங்களில் ஒன்று லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இதயத் தாள மையம். அதன் இயக்குநர் கல்யாணம் சிவகுமார், சென்னையில் மருத்துவம் படித்தவர்.

நரம்பை வெட்டப் போகிறவருக்கு வரைபடம் வேண்டும். இங்கேதான் 1938 மறுபடி குறுக்கே வருகிறது. மனித நரம்புகளை மிக நுட்பமாக வரைந்து காட்டிய உடற்கூறு நூல், வியன்னாவின் எட்வர்ட் பெர்ன்கோஃப் தயாரித்த அட்லஸ். லோவி சிறையில் இருந்த அதே வசந்தத்தில் பெர்ன்கோஃப் வியன்னா மருத்துவப் புலத்தின் தலைவராகி, அங்கிருந்த 197 ஆசிரியர்களில் 153 பேரை வெளியேற்றினார். முதல் பதிப்புகளில் ஓவியர் ஒருவர் தன் கையெழுத்தோடு ஸ்வஸ்திகாவையும் போட்டிருந்தார். அந்த நாஜி ஆண்டுகளில் அவருடைய நிறுவனத்துக்கு வந்த, மரண தண்டனையில் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் குறைந்தது 1,377 என்று வியன்னா பல்கலைக்கழகத்தின் விசாரணை 1998-இல் சொன்னது. அச்சில் இல்லாமல் போன பிறகும், சிக்கலான அறுவையின்போது சில நரம்பு மருத்துவர்கள் அந்தப் பக்கங்களைத் தேடிப் போனார்கள். ஒரு உயிரைக் காப்பாற்ற உதவுமென்றால் பயன்படுத்தலாம், ஆனால் அந்தப் படங்கள் எப்படி வந்தன என்பதை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும் என்று 2017-இல் ஒரு நெறிமுறை எழுதினார் யூத மதகுரு ஜோசஃப் போலாக். குழந்தையாக நாஜி முகாமிலிருந்து பிழைத்து வந்தவர் அவர்.

சிவகுமாரின் குழு இன்னொரு வழி பார்த்தது. பதிலாகப் புதிய அட்லஸையே உண்டாக்கிவிடுவது. பெயர் 'அமர யாத்'. முதல் சொல் சமஸ்கிருதம்.  வாலஸ் மெக்அல்பைன் என்ற அறுவை மருத்துவர் சேர்த்துவைத்த இதயப் படங்களிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். புதிதாக வருகிற உடல்கள் எல்லாம், உயிரோடு இருக்கும்போதே சம்மதித்துக் கொடுத்தவர்களுடையவை. இதயம் சுலபமான பாதி. லோவியின் தவளையில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குப் பக்கத்தில் தொங்கிய ஒற்றை இழை, மனித நெஞ்சில் பெருந்தமனியைச் சுற்றி வலையாகப் பின்னி, இதயத்தின் கொழுப்புத் திட்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான முடிச்சுகளாகப் பிரிந்து கிடக்கிறது.