முதல் சுற்றில் பின்னாலேயே ஓடும் கார்

ஃபார்முலா ஒன் ரேஸ் பாக்கறவங்க கவனிச்சிருப்பீங்க. எல்லா காரும் கிளம்பினதும், கடைசியா ரோட்டுல ஓடற கார் மாதிரி ஒண்ணு பின்னாலேயே போகும். ஒரு சுற்று முடிஞ்சதும் ஒதுங்கிடும். உள்ளே இருக்கறது டாக்டர். அந்த கார் எப்படி வந்துச்சுங்கறதுதான் இந்த த்ரெட்.

1966 ஜூன் 12, பெல்ஜியம், ஸ்பா. அப்போ ஒரு சுற்று 14 கிலோமீட்டர். ட்ராக்னு பேருதான், ஊருக்கு ஊர் போற சாதாரண ரோடு. ஓரத்துல வீடு, மரம், கம்பம். முதல் சுற்றுலயே மழை கொட்டுது. ஜாக்கி ஸ்டீவர்ட்டோட கார் ரோட்டை விட்டுப் பறந்து ஒரு பண்ணை வீட்டுப் பக்கம் நசுங்கிக் கிடக்கு. ஆள் உள்ளே மாட்டிக்கிட்டார், உடம்பு மேல பெட்ரோல் ஒழுகுது. மீட்க ஆளே இல்ல. சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரண்டும், பார்வையாளர்கிட்ட ஸ்பேனர் வாங்கி ஸ்டீயரிங்கைக் கழட்டி வெளிய எடுத்தாங்க. கிட்டத்தட்ட 25 நிமிஷம். முதலுதவி அறைத் தரையில சிகரெட் துண்டுகள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின ஆம்புலன்ஸ் வழி தவறிடுச்சு!

பிழைச்சு வந்தவர் அடுத்து கார்லயே ஒரு ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டி வச்சுக்கிட்டார். வேலி வேணும், சீட் பெல்ட் வேணும், டாக்டர் வேணும்னு கேட்டார். கேலிதான் கிடைச்சது. ஆனா 1969ல ஓட்டுநர்கள் ஸ்பாவுல ஓட மாட்டோம்னு சொல்ல, அந்த வருஷம் பெல்ஜியம் ரேஸே நடக்கல. 1979ல ட்ராக்கை சுமார் 7 கிலோமீட்டரா சுருக்கினாங்க. 14 கிலோமீட்டருக்கு எத்தனை டாக்டரை, எங்க நிறுத்துவீங்க?

1978 செப்டம்பர் 10, இத்தாலி, மோன்ஸா. கிளம்பின உடனே கும்பலா மோதல். தீப்பிடிச்ச காருக்குள்ள இருந்து ரானி பீட்டர்சனை மத்த ஓட்டுநர்கள்தான் இழுத்துப் போட்டாங்க. ரெண்டு காலும் நொறுங்கியிருந்தது, ஆனா நினைவோட இருந்தார். லண்டன் நரம்பியல் அறுவை நிபுணர் சிட் வாட்கின்ஸ் அந்த வருஷம்தான் ரேஸ் டாக்டரா சேர்ந்திருந்தார். அவர் ஓடி வந்தா, போலீஸ் வளையம் உள்ளே விடல. ஆம்புலன்ஸும் சீக்கிரம் வரல.

ராத்திரி ஆபரேஷன். மறுநாள் பீட்டர்சன் இறந்துட்டார். காரணம் ஃபேட் எம்பாலிசம். தொடை எலும்பு மாதிரி பெரிய எலும்பு உடையும்போது மஜ்ஜையில இருக்கற கொழுப்பு ரத்தத்துல கலந்து நுரையீரல், மூளை வரைக்கும் போய் அடைக்கும். பைக் விபத்து கேஸ்ல நாங்க எப்பவும் பயப்படற விஷயம். உடைஞ்ச காலை அசையாம கட்டி வைங்கனு நாங்க கத்தறது இதுக்கும் சேர்த்துதான். தாமதம்தான் பீட்டர்சனைக் கொன்னுச்சுனு நான் சொல்ல மாட்டேன். சீக்கிரம் போயிருந்தாலும் இது வந்திருக்கலாம். ஆனா டாக்டரைத் தடுத்து நிறுத்தினதுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

வாட்கின்ஸும் விடல. மயக்க மருந்து டாக்டர், ஹெலிகாப்டர், முதல் சுற்று முழுக்க பின்தொடர ஒரு கார் வேணும்னு கேட்டார். கும்பலா ஓடற முதல் சுற்றுலதான் பெரிய மோதல் நடக்கும். அடுத்த ரேஸ்லயே அந்த கார் ஓடுச்சு.

2020 நவம்பர் 29, பஹ்ரைன், முதல் சுற்று. ரோமெய்ன் க்ரோஷான் கார் இரும்புத் தடுப்பைத் துளைச்சு ரெண்டா பிளந்து வெடிச்சது. தலைக்கு மேல இருந்த ஹேலோ வளையம் மண்டையைக் காப்பாத்துச்சு. அவரே போராடி எழுந்தார், அரை நிமிஷத்துக்குள்ள. தீக்குள்ள இருந்து வெளிய வரும்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் கை நீட்டினவர், அந்த கார்ல வந்த டாக்டர் இயன் ராபர்ட்ஸ்.